லாரிப் பூனையின் சிறுநீரகம்

என் நோயாளிகள் யாரும் எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லை. தொட்டுப் பார்த்தால் கடிப்பார்கள். பூனை வளர்த்து நகக்கீறல் வாங்கியவர்களே, உங்களுக்குத் தெரியாததா? காலடிப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு, மல்லி என்கிற கிழட்டுப் பூனையின் கீறல்தான் இன்னும் ஆறவில்லை.

முள் இல்லை

தாஸ் கன்டெய்னர் லாரி டிரைவர், கொருக்குப்பேட்டைக்காரர். மல்லியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தொண்டையில் மீன்முள், அதனால்தான் சாப்பிடவில்லை என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார். வாயைத் திறந்து பார்த்தேன், முள் இல்லை. உடம்பு கொதித்தது. இடுப்புக்கு மேலே லேசாக அழுத்தியதும், அதுவரை சாதுவாக இருந்த பூனை என் கையைக் கீறி விரலையும் கடித்தது. சிறுநீரகத்தில் கிருமி என்று சந்தேகப்பட்டேன். ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றில் மெல்லிய ஊசியை விட்டு, சோதனைக்குச் சிறுநீர் எடுத்தேன். தாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்களுக்குன்னா டப்பால புட்ச்சினு வான்றீங்கோ. வாயில்லாததுன்னா வவுத்துலயே குத்திர்றதா டாக்டரம்மா?"

ஏற்றி வைத்த கண்ணாடி

சோதனையில் கிருமி உறுதியானது. பூனை எங்கே சிறுநீர் கழிக்கும் என்று கேட்டேன். மனைவி இறந்தபின் வீட்டில் ஆளில்லை, அதனால் மல்லியும் லாரியிலேயே வருகிறதாம். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சில நாள் விடிந்து இருட்டினாலும் நகராது. அவ்வளவு நேரமும் மல்லி கேபினுக்குள். சுத்தக்காரப் பூனை, மண்ணைக் காணும்வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன். தாஸ் மல்லியின் துண்டை இழுத்துச் சரியாகச் சுற்றினார்.

"கீழ எறங்கினா டயருல பூடும்னுதான், கண்ணாடிய பாதிக்கு மேல எறக்காம வெச்சினு இருந்தேன்."

மூன்று டிரைவர் வைத்தியம்

மாத்திரை பல வாரம் கொடுக்க வேண்டும். மீனுக்குள் வைத்தால் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிற ரகம். வரிசையில் முன்னால் நிற்கும் லாரிக்காரர் காலைப் பிடிக்க, பின்னால் நிற்பவர் வாயைத் திறக்க, தாஸ் மாத்திரையைப் போடுவாராம். சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பில் மணலும் வைத்துவிட்டார். மல்லி தேறியது. மூவர் கையிலும் கீறல். எனக்கு உதவியாக இருக்கும் மேரியக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எம் பிரசவத்துக்கே இத்தினி பேரு வந்து நிக்கல தாஸண்ணே."

டப்பு மண்

சில மாதம் கழித்து மல்லி மறுபடி வந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது, சாப்பாட்டைத் தொடவில்லை. இப்போது கிருமி இல்லை. ஆனால் ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன. டிரிப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் மதியம், தாஸின் கையில் தலையை வைத்தபடியே போய்விட்டது. நானும் அழுதேன். "என்னாலதானா?" என்று கேட்டார். "வயசு, தாஸ்" என்றேன். வயசும்தான். அதற்கு மேல் எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணியும் வாணாம் டாக்டரம்மா. இப்போ கண்ணாடிய முழுசா எறக்கி வுட்டுதான் க்யூல குந்திகினு கீறேன். டப்பு மண்ண மட்டும் கொட்ட மன்சு வர்ல."

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களில் பாதிப் பேருக்கு வால் கிடையாது என்பதைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.