இலைச்செவியரின் நான்காம் நோட்டு

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்த ஐயாத்துரை அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று அதில் போட்டிருந்தார்கள். கண்ணாடி போடாத அவசரத்தில், கும்பிடும் கைக்குப் பதிலாகக் கைதட்டும் கையை அனுப்பிவிட்டேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கை தட்டியிருந்தார்கள். என் மூத்த மகள்தான் போனைப் பிடுங்கி அழித்தாள். "சாவுக்குக்கூடவா அப்பா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "ஏலே சுடலை, அவருகூட நீதான ரொம்பப் பழக்கம். நம்ம சங்க மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுலே" என்றார். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தவணையில் பாஸ் பண்ணியவன். பதிவறையில் கோப்புக் கட்டுகளைத் தூக்கிக் காலம் தள்ளியவன். அவர் கேட்ட நல்ல வார்த்தையை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சியின் கையில் எப்போதும் தவளை ஊறப்போடுகிற பார்மலின் வாடை அடிக்கும். அதனால் மத்தியானம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட யாரும் வர மாட்டார்கள். நான் போவேன். பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். என் டப்பாவில் இருப்பது மூன்று பிள்ளைகள் மிச்சம் வைத்தது. அவர் டப்பாவில் இருப்பது அவர் மனைவி, எங்கள் மதினி, பார்த்துப் பார்த்து வைத்தது. அப்படி ஒரு நாள், அவித்த முட்டையில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்துக் காட்டினார். அட்டையில் 'இலைச்செவியர்: உடற்கூறு' என்று எழுதியிருந்தது.

"இப்படி ஒரு கூட்டம் உண்டுமா அண்ணாச்சி?"

"இல்ல வே. நான்தான் உண்டாக்குதேன்."

"எதுக்கு?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து செத்ததையே அறுத்துக் குடுக்கேன். ஒண்ணாவது உசிரோட இருக்கட்டும்னுதான்."

அவர் உண்டாக்கிய மனிதர்கள் பொதிகை மலையில், பாபநாசத்துக்கு மேலே, மேகம் இறங்குகிற உயரத்தில் இருந்தார்கள். முந்நூறு வருடம் வாழ்வார்கள். பல் மூன்று தடவை முளைக்கும். கண்ணுக்கு இரண்டு இமை. உள்ளிமை கண்ணாடி மாதிரி இருக்கும், ஆற்றுக்குள் முங்கினால் அதை மட்டும் மூடிக்கொள்வார்கள். காது அரசிலை வடிவம். "நமக்குக் காதுமடலை ஆட்ட மூணு தசை இருக்கு, ஒண்ணும் வேலைக்கு ஆகாது. அவங்களுக்கு ஒம்போது" என்று சொல்லி, ஒன்பதையும் சிவப்பு மையில் வரைந்து வைத்திருந்தார். கல்லூரிப் பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு சுத்தமான படம் கிடையாது.

இரண்டாம் நோட்டு வரலாறு. ஆதியில் இலைச்செவியர் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை வயல்களில் நம்மோடுதான் கலந்திருந்தார்களாம். வாய்க்கால் எங்கே உடையப்போகிறது என்று முதல் நாளே காதால் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். அதற்காக நம்மவர்கள் அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வாசலைத் தாண்டி வெகுதூரம் போன பிறகும், வீட்டுக்குள் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவர்களுக்குக் கேட்டது. ஒரு தலைமுறைக்குள் அத்தனை பேரும் மலையேறிவிட்டார்கள். "சண்டையில தோத்த கூட்டம் உண்டும், பஞ்சத்துல அழிஞ்ச கூட்டம் உண்டும். முதுகுக்குப் பின்னால பேசுததைக் கேட்டே ஊரை விட்ட கூட்டம் இது ஒண்ணுதாம்வே" என்றார். அதைக் கேட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நான் நேராக அலுவலகத்துக்குப் போனேன். அவரை மாதிரியே பேசிக் காட்டினேன். டைப்பிஸ்ட் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

மூன்றாம் நோட்டில் அவர்களுடைய வழக்கங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்குப் 'பழி இறக்குதல்' என்று பெயர். செத்தவரை அவர்கள் புகழக் கூடாது. ஒவ்வொருவராகப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இவருக்கு நான் செய்த கேடு இன்னது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். உடம்பில் காதுதான் கடைசியாகச் சாகும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது கணக்கு.

"ஒருத்தருக்கும் சொல்ல ஒண்ணும் இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"அப்போ அவன்கூட யாருமே வாழலைன்னு அர்த்தம்" என்றார்.

நான்காம் நோட்டு பிள்ளைப்பேறு. இலைச்செவியப் பெண் நூறு வருடம் காத்திருந்து ஒரே ஒரு பிள்ளை பெறுவாள். பிறக்கும்போது அதன் காது மொட்டு மாதிரி மூடியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் விரியும். கடைசி அத்தியாயத்தில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கிறது. அதற்கு அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார். அண்ணாச்சிக்கும் மதினிக்கும் பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை மதினிக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு நான்கு நாள் முந்தி, "அண்ணாச்சி, படிச்சிட்டுத் தாரேன்" என்று நான் கேட்டேன். அவராகக் காட்டாமல் ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. தாளில் பொதிந்து, நூல் கட்டிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை கல்லூரி விழா. ஊழியர்கள் சார்பில் வருடா வருடம் சிரிப்பு நாடகம் போடுவது என் பொறுப்பு. எனக்கு வேறு எதுவும் வராது. அட்டையில் காது வெட்டி ஒட்டிக்கொண்டு, கையில் அந்த நோட்டோடு மேடை ஏறினேன். ஸ்டோர் கீப்பர் சேலை கட்டி என் சம்சாரமாக வந்தான். "நூறு வருசம் ஆச்சே டாக்டர், இன்னும் ஒண்ணையும் காணோமே!" என்று நான் அழ, அரங்கமே ஆர்ப்பரித்தது. முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வரிசையில் மதினி பட்டுச்சேலை கட்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் இருந்த கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் அண்ணாச்சி கை தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "காதைத் தப்பா ஒட்டிருக்கீரு வே. நுனி பின்னால பாக்கணும்" என்றார்.

பாராட்டு மயக்கத்தில் நோட்டை அங்கேயே விட்டுவிட்டேன். காலையில் போய்த் தேடினால், தோரணக் காகிதத்தோடு சேர்த்து விடுதிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அட்டையில் ஒரு மூலை மட்டும் எரியாமல் கிடந்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. செருப்புக் காலால் அதையும் கங்குக்குள் தள்ளினேன்.

திங்கட்கிழமை அவர் கேட்டார். "நோட்டு எங்கவே? நேத்து படிச்சுக் காட்டணும்னு இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை காலையிலயே கொண்டாந்தேனே அண்ணாச்சி. நீங்க இல்ல. மதினி அடுப்படியில இருந்தாங்க. வாசல் நாற்காலியில வச்சிட்டு வந்தேன்." வாய் தானாகச் சொன்னது. பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போட வைக்கிற தகப்பன் நான்.

அவர் என்னை நம்பினார். நம்பியதால் மதினியைச் சந்தேகப்பட்டார். நாடகத்தில் பட்ட அவமானத்தில் அவர்கள்தான் அதை எரித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. மற்ற நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இலைச்செவியரைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று மதினி கேட்டபோது, "எரிச்சவளுக்கு எதுக்குப் பேரு?" என்றாராம். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. நல்ல மனுஷர்தான். கல் மனசும் அவரிடம் இருந்தது. அதற்குத் தீனி போட்டவன் நான்.

அவர் உடம்பைக் குளிப்பாட்டும்போதுதான் அரைஞாணை அறுத்துச் சாவியை எடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மதினி என்னிடம் வந்தார்கள். "தம்பி, நீங்களாவது நம்புங்க. அந்த நோட்டை நான் தொடக்கூட இல்ல. கடைசி வரைக்கும் அவரு நம்பல" என்றார்கள். பிணம் இரண்டடி தூரத்தில் கிடந்தது. காது இன்னும் செத்திருக்காது. பழி இறக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான், "விடுங்க மதினி, அழாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வந்து, காப்பி குடித்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், இதுவரை நீங்கள் படித்ததை எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். முடித்ததும் மதினி வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு என் காலை.

"இந்தக் காலாலதான் தள்ளுனீங்களா?"

"ஆமா மதினி."

"அவரு இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிருந்தா, என்கூட ரெண்டு நாளாவது மனசுவிட்டுப் பேசிருப்பாருல்லா."

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்கல்லா? பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தாரு?"

அப்போது படித்தேன்தான். பெயர் சிவப்பு மையில் தனியாக எழுதியிருந்தது. அதில் சிரிப்பு ஒன்றும் தேறாது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மதினிக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தேன். நூறு வருடம் நினைவுக்கு வந்தது, மொட்டுக் காது நினைவுக்கு வந்தது, பிரசவத்தின்போது புருஷன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. மேடையில் சொன்னது எல்லாம் வரி பிசகாமல் வந்தது. பெயர் வரவில்லை.

"கேலிக்கு ஆனதெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார்கள் மதினி. பிறகு, "இதை அப்படியே அச்சுல போடச் சொல்லுங்க. ஒரு எழுத்தைக் குறைக்கக் கூடாது" என்றார்கள்.

அண்ணாச்சியை அறிந்தவர்களே, நான்காம் நோட்டைப் படித்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். அதிலிருந்து என்னிடம் தங்கியிருப்பது சிரிக்க வைப்பதற்காக நான் பொறுக்கி எடுத்த பத்துப் பன்னிரண்டு வரி. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

கிளம்பும்போது மதினி கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்கள்.

"ஆணா பொண்ணான்னாவது தெரியுமா தம்பி?"

அதுவும் தெரியவில்லை.