ஏழு வருஷ இடைவெளியும் என் வலைப்பூவும்

வேலை தேடுவதும் ஒரு வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது. பயோடேட்டாவோடு படியேறி இறங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகன் பிறந்ததும் பம்பு கம்பெனி வேலையை விட்டேன். ஏழு வருஷம் கழித்து மறுபடி தேடப் போனால் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "இத்தன வருஷம் என்ன பண்ணீங்க?" பிள்ளை வளர்த்தேன் என்றால் சிரித்துத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் செய்திருந்தேன். அதியமான்கோட்டையில் எங்கள் தோட்டத்துக்குச் சொட்டு நீர்ப் பாசனம் போட்ட நாளிலிருந்து, எது அடைத்துக்கொண்டது, எப்படிச் சரிசெய்தோம் என்று வலைப்பூவில், அதாவது பிளாக்கில், எழுதி வந்தேன். அதையே பயோடேட்டாவில் போட்டுவிடலாம் என்று துணிந்தேன்.

எந்த பிளாக்?

தர்மபுரி ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக் கொடுக்கும் அக்காவிடம், "அனுபவம்னு இருக்கிற இடத்துல, சொந்தமா பிளாக் நடத்துறேன்னு போடுங்கக்கா" என்றேன். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பிறகு குரலில் புது மரியாதையோடு கேட்டார்:

"பென்னாகரம் பிளாக் ஆபீசுங்களா, பாலக்கோடு பிளாக் ஆபீசுங்களா?"

வீட்டுக்காரரின் புகழ்

என் வீட்டுக்காரர் ஒருமுறை சொட்டு நீர்க் குழாயின் ஃபில்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று அரைநாள் மோட்டாரைத் திட்டினார். அதை அவர் படத்தோடு எழுதியிருந்தேன். பாப்பாரப்பட்டிச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் அவரை உற்றுப் பார்த்து, "அண்ணா, அந்த ஃபில்டர்காரரு நீங்கதானுங்களே?" என்று கை கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரர் பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கு வேல கெடைக்கறதுக்குள்ள எனக்கு ஊர்ல பேரு கெட்டுரும்."

நேர்காணல்

சொட்டு நீர்க் கருவி விற்கும் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். வழக்கமான கேள்விக்கு இந்த முறை வலைப்பூ முகவரியைக் காட்டினேன். மேலாளர் தன் போனிலேயே திறந்து படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்தது. திடீரென்று சிரிப்பு நின்றது. எந்த வரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் கம்பெனி கையேட்டைப் பற்றி, 'இதை எழுதியவர் வயலில் கால் வைத்ததே இல்லை' என்று எழுதியிருந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அத எழுதுனது நான்தானுங்க."

ஒரே ஒரு பக்கம்

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "உட்காருங்க. ஃபில்டர் மாட்டுற பக்கத்த நீங்க எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார். 'நீரோட்டத் திசைக் குறியீட்டிற்கு இணங்கப் பொருத்துக' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'ஃபில்டர் மேல் அம்பு இருக்கும். அம்பின் நுனி வயலைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன்.

வெளியே, ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அதைக் கையோடு எடுத்துக்கொண்டு சித்தேரி மலையிலிருந்து ஒரு விவசாயி வந்து காத்திருந்தார். மேலாளர் அவரை உள்ளே அழைத்து என் தாளைக் கொடுத்தார். விவசாயி வாய்விட்டுப் படித்தார், அம்பைத் தேடினார், ஃபில்டரைத் திருப்பிப் பிடித்தார். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்தார்:

"இத மொதல்லயே இப்படி எழுதியிருந்தா, நான் மலையே எறங்கியிருக்க மாட்டேனுங்களே!"

மறுநாளே வேலையில் சேர்ந்தேன்; வலைப்பூ எழுதி வேலை வாங்கலாம் என்பது உண்மைதான், வேலை வாங்கியபின் வலைப்பூ எழுத ஒரு மணி நேரம் வாங்குவதுதான் முடியவில்லை.