கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளை

தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு முடிந்த பிறகு, தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கொழும்பு வெள்ளவத்தையில் எட்டாம் மாடிக்குக் குடிவந்தாலும் இது மட்டும் மாறாது. எனக்கு இதெல்லாம் எரிச்சல்தான். அம்மாவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் ஓமென்று இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் ஆட்கள் முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலேறிவிட்டார்கள். தட்டார் தாலிக்கொடியை முடித்துத் தரட்டும் என்று அவர் மட்டும் ஊரில் நின்றார். அதற்குள் புயல் வந்து தண்டவாளத்தையும் பாலங்களையும் கொண்டுபோய்விட்டது. கலியாணத்துக்கு முந்தின நாள் போன் எடுத்தார். நிவாரண அரிசி இறக்கிவிட்டுத் திரும்பும் விமானப்படை விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

"கொடி சட்டைப்பைக்குள்ள இருக்கு. பயப்பிடாதேங்கோ."

மத்தியானம் செய்தி வந்தது. கொட்டும் மழையில் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, முன்சக்கரம் முறிந்து சேற்றில் குத்தி நிற்கிறது. காயப்பட்டவர்களைக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அவருடைய போன் வேலை செய்யவில்லை. செருப்பைத் தேடினேன்.

அம்மா வாசலை மறித்தா. "பொன்னுருக்கினாப் பிறகு முகம் பாக்கக்கூடாது பிள்ளை. அப்பா போய்ப் பாப்பார்."

"முகம் இருக்கோ எண்டு பாக்கத்தான் போறன்" என்றேன். அம்மா விலகினா.

மருதாணிக் கையோடு ஓட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வெள்ளம். தெரிந்த சாமிகள் எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில், ஒரு வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சேறு, இடக்கையில் கட்டு. உயிரோடு இருந்தார். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன். அந்த மனுஷன் என்னைப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"உங்கட அம்மாட்டச் சத்தியம் பண்ணியிருக்கிறன். நாளைக்குப் பாக்கிறன்."

வந்த கோபத்துக்கு மற்றக் கையையும் முறித்திருப்பேன். பக்கத்தில் நெற்றிக் கட்டோடு இருந்தவர்தான் விமானி. சக்கரம் போன பிறகும் விமானத்தைக் கவிழவிடாமல் பிடித்து, ஏறிய அத்தனை பேரையும் உயிரோடு இறக்கியவர். எங்கள் கூத்தைப் புரிந்துகொண்டு சிங்களத்தில் சொன்னார்: "அந்த மழையிலேயே நான் கண்ணை மூடவில்லை தம்பி, நீ ஏன் மூடுகிறாய்?"

மாப்பிள்ளை அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கை பிடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

மறுநாள் மணவறையில், என் பின்னால் நின்று, கட்டுப்போட்ட கையோடு தாலிக்கொடியின் பூட்டைப் போட முடியாமல் திணறினார். உதவ வந்த தன் தங்கச்சியை வேண்டாமென்றுவிட்டார். கெட்டிமேளம் நிற்காமல் முழங்கியது. மேளக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. நாங்கள் அழைத்து வந்திருந்த விமானி முன்வரிசையில் எழும்பி நின்றுவிட்டார். ஒருவழியாகப் பூட்டு விழுந்தது.

பிறகு முன்னால் வந்து, குனிந்து, கண்ணை நன்றாகத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வந்து சேந்திட்டன்" என்றார்.