விலாசம் இல்லாத கையெழுத்துகள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிறது. இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகத்தான் வேண்டும். ஒழுங்கையின் நடுவில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்கு நேர் எதிர் வீட்டின் மேல்மாடியில் நானும் மகளும் வாடகைக்கு இருக்கிறோம். அவளுடைய தகப்பன் கட்டாரில் வேலை.

மகளுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. அவளை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. பம்ப் அவள் பையில் இருக்கும். அதற்கும் அடங்காமல் இழுத்தால் வகுப்பு மிஸ் எனக்குப் போன் அடிப்பா. நான் செருப்பும் போடாமல் ஓடிப்போய்த் தூக்கிவந்து வீட்டில் மெஷினைப் பூட்டி ஆவி பிடிக்கவைப்பேன். ஒழுங்கையைக் கடக்க ஒரு நிமிடம் பிடிக்காது. இரண்டு தரம் அந்த ஒரு நிமிடம்தான் அவளைக் காப்பாற்றியது. மிச்சப் பள்ளிக்கூடங்களின் பெருமையை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வெறும் வளவில் ஒரு பலகை நட்டார்கள். பன்னிரண்டு மாடித் தொடர்மாடி வரப்போகிறதாம். எங்கள் ஒழுங்கையில் நான்கு மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைத் தனக்கு மட்டும் தளர்த்தித் தரும்படி வளவுக்காரர் விண்ணப்பித்திருந்தார். ஆட்சேபம் உள்ள அயலவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று பலகையின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் அளவில் எழுதியிருந்தது. மகளின் வகுப்பு ஜன்னல்கள் எல்லாம் அந்த வளவைப் பார்த்துத்தான் திறக்கும். வரைபடத்தின்படி சுவர் ஜன்னலுக்கு ஏழு அடியில் வரும். பிறகு காற்று எங்கே, வெளிச்சம் எங்கே? கட்டி முடிகிற மட்டும் சீமெந்துத் தூசியை யார் தின்பது?

பெற்றோர் குழுவுக்கு நான்தான் செயலாளர். வாய் இருக்கிறவளுக்குக் கிடைக்கிற பதவி அது. ஒரு படிவம் அடித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நின்றேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று நான்கு கட்டம். எல்லோருக்கும் கோபம் இருந்தது, எல்லோரும் வளவு முதலாளியைத் திட்டினார்கள். பேனையைக் கொடுத்ததும் விலாசக் கட்டத்தில் கை நின்றது. ஒரு தாய் "வெள்ளவத்தை" என்று மட்டும் எழுதினா. இன்னொருத்தி யாழ்ப்பாணத்து விலாசத்தை எழுதினா. ஒழுங்கை முடக்கில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், நானா என்போம், மூன்று பேரப்பிள்ளைகளை அங்கே படிக்கவிட்டவர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சைன் வேணுமெண்டா பத்து வைக்கிறேன். அட்ரஸ் மட்டும் வாணாம். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா, லிஸ்ட பாத்துத்தான் வருவாங்க."

அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. இந்த நகரத்தில் எங்களில் யாருக்குத்தான் சூடு படவில்லை?

மூன்று நாளில் ஒன்பது கையெழுத்து, முழு விலாசத்தோடு ஒன்றும் இல்லை. அன்று இரவு எனக்கு ஒரு புத்தி வந்தது. என் புத்தியை என்னவென்று சொல்ல! படிவத்தைத் திருப்பி அடித்தேன். பெயரும் கையெழுத்தும் மட்டும், இரண்டே கட்டம். அடுத்த நாள் ஒரே பின்னேரத்தில் அறுபத்திரண்டு கையெழுத்து விழுந்தது. ஊரையே திரட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷப் புளுகம்.

அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர் இருக்கிறார், ஐயா என்போம். அவருடைய பேத்தியும் என் மகளும் ஒரே வகுப்பு. வீட்டுப் படங்கள் கீறி, அனுமதிக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியே காலம் கழித்தவர். படிவத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"பிள்ளை, விலாசம் இல்லாட்டி இது ஆட்சேபம் இல்லை. மொட்டைக் கடிதம்."

"விலாசம் கேட்டா ஒருத்தரும் பேனையைத் தொடமாட்டினம் ஐயா. இவ்வளவு சனம் வைச்சிருக்கு, காணாதே?"

"எனக்குக் காணும். கந்தோருக்குக் காணாது."

மனிதருக்கு வயது போய்விட்டது, எல்லாவற்றுக்கும் சட்டம் கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படிவத்தைக் கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் எங்கள் பக்கம் இருபது பேர் மட்டில் இருந்தோம். நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முதலாளியின் சட்டத்தரணி எங்கள் படிவத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். இவர்கள் அயலவர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி, களனியில் இருக்கிறவனும் கையெழுத்து வைக்கலாமே என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு ஒரு வழி விடத்தான் பார்த்தார். வளவிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் குடியிருக்கிற யாராவது எழும்பி, வீட்டு இலக்கத்தைச் சொன்னால் போதும், ஒரு ஆள் போதும், ஆட்சேபத்தைப் பதிந்துகொள்கிறேன் என்றார். பக்கத்தில் இருந்த பெண் அதைத் தமிழிலும் சொன்னா. விளங்கவில்லை என்று சொல்ல இடமில்லை.

ஐயாதான் எழும்பினார். இலக்கத்தைச் சொன்னார். அதிகாரி வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அது எல்லைக்கு வெளியே என்றார். ஐயா திரும்ப உட்காரவில்லை. நின்றபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.

என் வீட்டு வாசலில் நின்று எறிந்தால் கல் அந்த வளவில் விழும். நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை.

காரணம் சொல்கிறேன், மன்னிப்புக்காக அல்ல. யுத்த காலத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் கையெழுத்து வடிவு என்று அப்பா என்னைத்தான் எழுதச் சொல்லுவார். தம்பியின் பெயரை, வயதை, வீட்டு இலக்கத்தை நான்தான் எழுதினேன். அவனைக் கூட்டிப்போக வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளில் என் எழுத்து எனக்குத் தெரிந்தது. தம்பி திரும்பி வரவில்லை. மண்டபத்தில் அதிகாரி வீட்டு இலக்கம் கேட்டபோது, இவர்கள் அவர்கள் இல்லை, இது வேறு காலம் என்று தலைக்குத் தெரியும். கால் கேட்கவில்லை.

"அப்ப ஒருத்தரும் இல்லை," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

இப்போது ஆறாவது மாடி ஏறுகிறது. வகுப்பு ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்துவிட்டார்கள், பகலிலும் லைட் போட்டுத்தான் படிப்பிக்கிறார்கள். மகளை ஒரே மாதத்தில் மூன்று தரம் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த அறையில் இனி இந்தப் பிள்ளையை இருத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பொரளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஸ்கூல் வானில் போக ஒரு மணித்தியாலம். வானுக்குள் இழுத்தால் யார் ஓடுவது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற முதல் நாள் காலை மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, கூட்டத்தில ஒரு ஆள் எழும்பியிருந்தாலே காணுமாம். மிஸ் சொன்னவ. உண்மையோ?"

"ஓம்."

"ஒருத்தரும் எழும்பேல்லையோ?"

"அந்த ஐயா எழும்பினவர். அவற்ற வீடு தூரமாம்."

அவள் குனிந்து மற்றச் சப்பாத்தைப் பூட்டினாள்.

"எங்கட வீடு கிட்டத்தானே அம்மா?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

கீழே வான்காரர் ஹோன் அடித்தார். அவள் பம்ப் இருக்கிறதா என்று பைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, தனியாகவே படி இறங்கிப் போனாள்.