சிறந்த நடிகர் அவார்ட வாபஸ் வாங்கிக்கிறேன்

போன வாரம் பேப்பர்ல இதே எடத்துல ஒரு லிஸ்ட் போட்டேன். வருசா வருசம் போடுறதுதான். சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த வசனம்... எவனும் கேக்காம நானா குடுக்குற அவார்டு. ஷீல்டு கெடையாது, சால்வை கெடையாது. வாங்குனவனுக்கே தெரியாது.

ஆனா வாங்காதவங்களுக்குத் தெரிஞ்சிடுது.

ஞாயித்துக்கிழமை காலையில மீன் வாங்கப் போனேன். எங்க தெரு முனையில ஒரு அக்கா கடை போட்டுருக்கும். அது வாயத் தெறந்தா ராயபுரத்துல பஸ்ஸே ஓரமாப் போவும்னு பேரு. பக்கத்துலயே என் தோஸ்து அன்வரோட மொபைல் கடை. அவன் என் லிஸ்ட அக்காவுக்குச் சத்தமா படிச்சிக் காட்டிக்கினு இருந்தான்.

"சிறந்த நடிகர்... க்ளைமாக்ஸ்ல கத்தாம, குரலத் தாழ்த்தி, 'என் வூட்டு வாசல்ல நின்னுகினு எனக்கே வழி காட்றியா'ன்னு கேட்டாரு பாருங்க. அங்கதான் ராயபுரம் தெரிஞ்சுது."

காலரத் தூக்கி வுட்டுக்கினு நின்னேன். எனக்கே புடிச்ச வரி அது.

அக்கா சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கினே கேட்டுச்சு. "யாருக்குக் குட்த?"

"ஹீரோவுக்குக்கா. அந்த வரிக்கு சிறந்த வசனம்னு தனியா ஒண்ணு. அது டைரக்டருக்கு."

செதிள் சீவுன கத்தி நின்னுச்சு. வழக்கமா இந்த எடத்துல நாலு வூட்டுக்குக் கேக்குற மாதிரி சத்தம் வரும். வர்ல. குரல் அப்டியே கீழ எறங்குச்சு.

"என் வூட்டு வாசல்ல நின்னுகினு எனக்கே வழி காட்றியா?"

அதே வரி. அதே எறக்கம். ஹீரோ பண்ணது இதோட ஜெராக்ஸ் — அதுவும் மை கொறஞ்ச ஜெராக்ஸ்.

தண்ணி லாரி க்யூவுல எத்தினி வருசமா கேக்குறேன் இந்த வரிய? எனக்கே ஒருவாட்டி வுழுந்துருக்கு, கொடத்த முன்னாடி நகத்தி வெச்சதுக்கு. இருட்டுல, ஏசியில, பாப்கார்னோட கேட்டப்ப மட்டும் புதுசா இருந்துச்சு. காலேஜு படிச்ச காது.

அப்பறம் அக்கா சொன்ன கதை இது. போன வருசம் எங்க தெருவுல ஷூட்டிங் நடந்துச்சு இல்ல? அதுக்கு முன்னாடி ஒரு உதவி டைரக்டர் தெனமும் கடையாண்ட வந்து செல்போன நீட்டிக்கினு ஒக்காந்துருக்கான். "யாரையாச்சும் திட்டுங்கக்கா"ன்னு கேட்டுக் கேட்டு ரெக்கார்டு பண்ணிருக்கான். அதுக்கு மேல ஹீரோவையே கூட்டியாந்துட்டான்.

"அந்த ஹீரோ புள்ள 'நான் கீது'ன்னுச்சு. நான் இன்னா கொடமா, கீதுன்னு சொல்ல? 'நான் கீறேன்'னு திருத்துனேன். வசனத்த ஒரே கத்து கத்துச்சு. அப்டி இல்ல நைனா, மெய்யான கோவத்துல நாங்க கத்த மாட்டோம், சத்தம் கொறஞ்சாதான் மேட்டர் சீரியஸுன்னு சொல்லிக் குட்தேன். கத்துக்கிச்சு. நல்ல புள்ளதான்."

கைமாறா அக்கா எதயும் கேக்கல. உதவி டைரக்டர் தானா சொன்னது ஒண்ணே ஒண்ணு — "படத்துல உங்க பேர் வரும்கா."

ரிலீஸ் அன்னிக்கு அக்கா கடை போடல. மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுற பொடவயக் கட்டிக்கினு, தெருவையே கூட்டிக்கினு காலக் காட்சிக்குப் போயிருக்கு. படம் முடிஞ்சி பேருங்க ஓட ஆரம்பிச்சவொடனே லைட்டு, கதவு, தொடப்பம். எல்லாரும் எழுந்து போய்ட்டாங்க. அக்கா மட்டும் ஒக்காந்துருக்கு. ஸ்கிரீன் அணைஞ்சிடுச்சு. "இன்னும் என் பேரு வர்லியே"ன்னதுக்கு, "போஸ்டர்ல பாத்துக்கோம்மா"ன்னாராம் கூட்ட வந்தவரு.

வெளிய வந்து தெருசனத்துக்கிட்ட அக்கா இன்னா சொல்லிச்சு தெரியுமா? "வந்துச்சு. நீங்கதான் அவசரப்பட்டு எழுந்துட்டீங்க."

"நீ படம் பாக்குறவன்தானே," ன்னுச்சு என்கிட்ட. "எங்க வருதுன்னு காட்டு."

அன்வர் போன்ல படத்தப் போட்டு, கடேசி வரைக்கும் ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் படிச்சோம். கேரவன் டிரைவர் பேரு கீது. டீ குடுத்தவர் பேரு கீது. ஹீரோவோட நாய்க்குட்டிக்கு நன்றி கீது. 'வட்டார வழக்குப் பயிற்சி'ன்னு ஒரு வரி கீது — அங்க அந்த உதவி டைரக்டர் பேரு. ஆகக் கடேசியா, 'ராயபுரம் மக்களுக்கு நன்றி.'

"மக்கள்ல நீயும்தானேக்கா," ன்னான் அன்வர், மெதுவா.

"கொசுவும்தான் ராயபுரத்துல கீது," ன்னுட்டு அக்கா என் மீன எடுத்துப் பையில போட்டுச்சு.

எண்ணூர்ல கன்டெய்னர் போறதப் பாத்துருக்கீங்களா? உள்ள இருக்கறது ஒருத்தன் ஒழைப்பு, மேல ஒட்டியிருக்கறது இன்னொருத்தன் பேரு. எங்க பேச்சும் அப்டிதான் போவுது. அப்பல்லாம் எங்க பாஷையப் பேசுனா காமெடியன். இப்ப பேசுனா அவார்டு. ரெண்டுத்துலயும் நாங்க இல்ல.

வூட்டுக்கு வந்து ஷூட்டிங் அப்ப எடுத்த போட்டோவத் தேடுனேன். நானும் ஹீரோவும். இன்ஸ்டால லைக் அள்ளுன போட்டோ. ஒரிஜினல்ல ஹீரோவுக்கு அந்தப் பக்கம் அக்கா, வெரல நீட்டி எதையோ சொல்லிக் குடுத்துக்கினு இருக்கு. அது வாய்க்கு நேரா ஒரு போன். போடும்போது அக்காவ வெட்டிட்டேன்... மீன் கூடை ஃப்ரேம்ல கலீஜா இருந்துச்சுன்னு.

சினிமாக்காரன திட்ட எனக்கு இன்னா யோக்கியதை?

போட்டோவ எங்க பேப்பர் எடிட்டருக்கு அனுப்பிச்சேன். "சார், திருத்தம் போடணும். அக்கா பேரோட."

"போட்டோல சத்தம் வருமாப்பா? வக்கீல் நோட்டீஸ் வந்தா கோர்ட்டுக்கு நீ போவியா? படம் பேரும் வேணாம், அந்தம்மா பேரும் வேணாம். பேர் தெரிஞ்சா தெரு தெரியும், தெரு தெரிஞ்சா படம் தெரியும்."

போன வாரம் ஹீரோ பேரப் போட்டப்ப எவனும் என்கிட்ட ஆதாரம் கேக்கல.

சரி. திருத்துன லிஸ்ட். சிறந்த நடிகர்: வாபஸ். சிறந்த வசனம்: ராயபுரத்துல மீன் விக்கிற ஒரு அக்கா.

ஒரு அக்கா. நானும் அவ்ளோதான் போட்டுருக்கேன், பாத்தீங்களா?

பேப்பர் வந்தவொடனே எடுத்துக்கினு போயி அக்காவுக்கு நானே படிச்சிக் காட்டணும். "எங்கடா என் பேரு"ன்னு கேக்கும்.

கத்திக் கேட்டா தப்பிச்சேன்.