மென்டர் சொல்லித்தந்த 41 விஷயங்கள்

இரண்டு வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை காலை. சிட்னியின் பரமட்டாவில் ஒரு மண்டபம். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி முக்கால் மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்கோன் பன் வைத்த தட்டு. முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை.

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. டீ அந்தப் பக்கம் இருக்கிறது என்றார்கள். போகவில்லை.

"கால் வலிக்குதா அக்கா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"கால் கிடக்கட்டும். அந்தக் கண்ணாடி போட்ட மனுசன் இஞ்சால வாறார். நீர் போய் அவரோட கதையும்" என்றார், முகத்தில் சிரிப்பு மாறாமல்.

அவர் ரஜனி அக்கா. என் தொழில் பங்காளி. அந்தப் பலகையில் இருந்ததை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக நின்றார். அதை எழுதியவள்... வேறு யார்? நான்தான்.

வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

எங்கள் தொழில் ஓட்டை அடைப்பது. சிரிக்க வேண்டாம். ஒரு கட்டடத்தில் பிளம்பர் சுவரைத் துளைத்துக் குழாய் விடுவார். எலக்ட்ரீஷியன் துளைத்து வயர் இழுப்பார். ஏசிக்காரர் இருவரையும்விடப் பெரிதாகத் துளைப்பார். மூவரும் போய்விடுவார்கள், ஓட்டைகள் இருக்கும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் நெருப்பும் புகையும் பக்கத்து வீட்டுக்குப் போவது இந்த வழியாகத்தான். நாங்கள் அவற்றைத் தீ தாங்கும் பசையால் அடைத்து, எண் போட்டு, போட்டோ எடுத்து, பட்டியல் கொடுப்போம்.

ரஜனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கம்பெனியில் இதே வேலையை ஆறு வருடம் கையால் செய்தவர். நான் கோயம்புத்தூரில் சிவில் படித்துவிட்டு, சிட்னியில் மேஜை முன் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவள். அவருக்குக் கை, எனக்குப் பட்டியல். சேர்ந்தால் ஒரு கம்பெனி.

ஆனால் வேலை? தெரிந்தவர்களின் ஃபிளாட்களில் நாலு ஓட்டை, ஐந்து ஓட்டை. பெரிய கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால், 'இவர்களுக்கு வேலை தெரியும்' என்று ஒரு பில்டராவது கடிதம் தர வேண்டும். கடிதம் தர, அவரிடம் வேலை செய்திருக்க வேண்டும். வேலை தர, கடிதம் வேண்டும். இந்த வட்டத்தில் ஐந்து மாதம் சுற்றினோம்.

அக்கா தன் பழைய கம்பெனியில் ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு போட்டிருந்தார். காரணம் அவர்கள் கேட்கவில்லை; இவரும் சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். திரும்பிவிட்டால் எங்கள் கம்பெனி முடிந்தது. என் பட்டியலை மடித்து ஓட்டைக்குள் வைத்தா அடைக்க முடியும்?

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்ததற்கு நடுவில்தான் மென்டரிங் திட்டம் வந்தது.

கட்டுமானக்காரர்கள் அமைப்பு ஒன்று நடத்துவது. நிலைத்துவிட்ட பெரிய கான்ட்ராக்டர் ஒருவரை, பெண்கள் நடத்தும் அல்லது குடியேறியவர்கள் நடத்தும் சிறிய கம்பெனியோடு ஜோடி சேர்ப்பார்கள். ஆறு சந்திப்பு. அவர் அனுபவத்தைச் சொல்ல, நாம் வளர வேண்டும். ஒருங்கிணைப்பாளர் மெலிசா எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "ரெண்டு கட்டத்திலயும் டிக்!" என்றாள், ஏதோ எங்களுக்கு இரட்டைக் குழந்தை பிறந்த மாதிரி.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி: மென்டர் வேலை தருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

"பிறகென்னத்துக்கு அவர்?" என்றார் அக்கா.

எங்களுக்கு வாய்த்தவர் ட்ரெவர். அறுபது வயது, சிவந்த கழுத்து, நல்ல மனிதர். முதல் சந்திப்பில், ஒரு வண்டியும் ஒரு நாயும் மட்டும் வைத்துத் தொழில் தொடங்கிய கதையைச் சொன்னார். இரண்டாவதில் கைகுலுக்குவது எப்படி என்று சொல்லித்தந்தார். மூன்றாவதில் மறுபடி நாய். நான்காவது தள்ளிப்போய் ஒருவழியாக நடந்தது. ஒவ்வொரு முறையும் நான் பன்னிரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போவேன். "நல்ல கேள்வி, லேடீஸ். அதுக்கு அப்புறம் வரேன்" என்பார். வந்ததே இல்லை.

ஐந்தாவது சந்திப்பு அவருடைய சைட்டில். வெஸ்ட்மீட் பக்கம் மூன்று மாடிக் கட்டடம். கீழே டாக்டர்களின் கிளினிக், மேலே வீடுகள். 'ஒரு வேலையைச் சுத்தமா நடத்துறது எப்படின்னு பாருங்க' என்று கூட்டிக்கொண்டு நடந்தார். ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் நாங்கள் பின்னால்.

முதல் மாடியிலேயே அக்கா என் கையைக் கிள்ளினார். "பாரும்."

சுவரைத் துளைத்துப் போன கழிவுக் குழாய். அதைச் சுற்றி, பொங்கிய இட்லி மாவு மாதிரி மஞ்சள் ஃபோம். ஹார்ட்வேர் கடையில் டப்பாவில் விற்பது. காலி டப்பா அங்கேயே கிடந்தது. எடுத்துப் படித்தேன். 'தீத்தடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று அதிலேயே போட்டிருந்தது. நெருப்பு வந்தால் இந்த ஃபோம் நிறுத்தாது, சேர்ந்து எரியும்.

"ட்ரெவர், இந்த ஃபோம்..."

"நல்ல கேள்வி. அதுக்கு அப்புறம் வரேன்."

இன்னும் இரண்டு வாரத்தில் சீலிங் போட்டு மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் பிறகு யார் கண்ணிலும் படாது. மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் ட்ரெவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். சரி என்று போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன்.

இங்கே ஒரு விபரீதம். நான் அவரைத்தான் படம் எடுக்கிறேன் என்று ட்ரெவர் நினைத்துவிட்டார். போனைத் தூக்கும்போதெல்லாம் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று சிரித்தார். சிலவற்றில் கட்டை விரலை வேறு உயர்த்தினார்.

சந்திப்பு முடிந்ததும் வழக்கம்போல மெலிசாவின் படிவம் வந்தது. 'சைட்டில் நீங்கள் கவனித்தவற்றைப் பட்டியலிடவும்.' என்னைப் பார்த்து ஒருவர் பட்டியலிடச் சொல்லலாமா? எந்த மாடி, எந்த அறை, எந்தக் குழாய், எதனால் அடைத்திருக்கிறது... நாற்பத்தொன்று. ஒரு போட்டோவும் இணைத்தேன். படிவத்தின் நகல் மென்டருக்கும் போகும் என்று கீழே போட்டிருந்தது. நேரில் கேட்காதவர், எழுத்தில் படிப்பார் அல்லவா?

யாரும் படிக்கவில்லை. ட்ரெவருக்கு இமெயில் என்றாலே அலர்ஜி. மெலிசா படிக்கவில்லை, ஆனால் நீளத்தைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று ஒரு வரி எழுதியிருக்க, இங்கே ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். புரியவில்லை, எனவே ஆழமானதாக இருக்க வேண்டும். அதைப் பெரிதாக அச்சடித்து, ஆறாவது சந்திப்பான நிறைவு விழாவில், வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டாள். மேலே தலைப்பு: 'என் மென்டரிடம் நான் கற்ற 41 விஷயங்கள்!' நடுவே ட்ரெவர், கட்டை விரலை உயர்த்தி, மஞ்சள் ஃபோமுக்குப் பக்கத்தில். கீழே என் பட்டியல். அதற்கும் கீழே என் பெயர்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் இருவரும் பார்த்தோம். சுற்றிலும் சிட்னியின் அத்தனை பில்டர்கள்.

"பிள்ளை, உமக்கென்ன விசரே? ஏன் இதை எழுதினனீர்?"

"பட்டியலிடவும்னு போட்டிருந்தது அக்கா."

"கிணத்துக்குள்ள குதிக்கவும் எண்டு போட்டிருந்தா?"

மெலிசாவிடம் ஓடினேன். "அந்தப் போர்டை எடுத்துடலாமா? ப்ளீஸ்."

"ஐயோ, உங்க ஊர்க்காரங்க எப்பவுமே இப்படித்தான், எவ்ளோ அடக்கம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "கூச்சப்படாதே. இது உன் நாள்."

திரும்பிப் பார்த்தால், அக்கா பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். 'உங்கள் பாரம்பரிய உடையில் வாருங்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும்' என்று மெலிசா சொல்லியிருந்ததால் வந்த பட்டுப்புடவை. முந்தானையை இடது கையில் விரித்துப் பிடித்தால் முதல் இருபது ஓட்டைகள் மறைந்தன. மிச்சத்தை உடம்பால் மறைத்தார். யார் கிட்டே வந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்து, "சில்க். ஆறு யார்ட். ஒரே துணி!" என்று ஆரம்பித்துவிடுவார். கண்ணாடிக்காரர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் புடவை பற்றிய முழு விளக்கத்தோடு திரும்பிப் போனார்.

மேடையில் ட்ரெவர் பேசினார். "மென்டரோட முதல் வேலை, காது கொடுத்துக் கேக்கிறது" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

இறங்கியவர் நேராக எங்களிடம் வந்தார். "லேடீஸ், நம்ம போர்டு முன்னாடி ஒரு போட்டோ!"

மென்டரை எப்படித் தள்ளி நிறுத்துவது? அக்கா மெதுவாக நகர்ந்தார். ட்ரெவர் முதலில் தன் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். விரல் பட்டியலின் மேல் இறங்கியது. ஒன்று... இரண்டு... ஏழாவதில் சிரிப்பு நின்றது. பதினைந்தில் கழுத்தின் சிவப்பு முகத்துக்கு ஏறியது. நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். கடிதம் போயிற்று. அக்கா போயிற்று. இந்த மண்டபமும் போயிற்று.

கடைசி வரை படித்தார். திரும்பினார்.

"எல்லாமே ஃபோமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

ஆறு சந்திப்பில், அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"முப்பத்தெட்டு ஃபோம். மூணு வெறும் ஓட்டை" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "சீலிங் வேலையை நிறுத்து... ஆமா, இப்பவே... எல்லா மாடியிலயும்" என்பது காதில் விழுந்தது. திரும்பி வந்து, இன்னும் குரலைத் தாழ்த்தி, "இதை வேற யாரெல்லாம் படிச்சாங்க?" என்றார்.

அக்கா ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். ஆனால் எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்டது. "ஒருத்தரும் இல்லை. நான் முன்னால நிண்டனான். ஒன்பது பேர் என்ர சீலையைப் பாத்தவை. பட்டியலை ஒருத்தரும் பாக்கேல்லை."

ட்ரெவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த முக்கால் மணி நேரம் எதற்கு என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"திங்கட்கிழமை வந்து இதையெல்லாம் சரி பண்ண முடியுமா? உங்க ரேட்டுக்கே."

'காலை ஆறு மணிக்கே நிற்போம்' என்று சொல்ல வாய் திறந்தேன். என் காலின் மேல் ஒரு செருப்பு ஏறியது.

"திங்கள் எங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார் அக்கா. "செவ்வாய் வாறம். முடிஞ்ச பிறகு ஒரு கடிதமும் வேணும்."

"செவ்வாய். கடிதம்" என்று தலையாட்டினார் ட்ரெவர். கைகுலுக்கினார். அதில் அவர் நிபுணர், ஒத்துக்கொள்கிறேன். பிறகு அந்தப் பலகையைப் பெயர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

மெலிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு, வீட்டுக்கே எடுத்துட்டுப் போறார். உன்னை நெனச்சு அவ்வளவு பெருமை!"

மறுநாள் அக்கா பழைய கம்பெனிக்கு போன் செய்தார். "நான் இனி வரமாட்டன். வேற ஆளைப் போடுங்கோ." அவ்வளவுதான்.

ஆறு சந்திப்பில் கற்றது என்ன என்று கடைசிப் படிவம் வந்திருக்கிறது. பெரியவர்களிடம் கற்றுக்கொள்ளச் சேர்த்துவிடுகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் கூடவே வேலை செய்கிறவரிடம் கற்க எத்தனை இருக்கிறது என்று கேட்கத்தான் எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. கேட்ட உடனே சரி சொல்லாதே என்பதை அக்காவிடம் கற்றேன். இந்த முறை சுருக்கமாக 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை நிஜமாகவே எங்களுக்கு வேலை இருந்தது. பசை பிதுக்கும் கன் இரண்டாவதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனோம் — அதுவரை கம்பெனிக்கு இருந்தது ஒன்றுதான்.