ரொட்டி தின்னாத சமையல்காரம்மா

தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம் சமைத்த அவளுக்கு டாக்டர்கள் மேல் மரியாதை எப்போதும் கொஞ்சம்தான். வயிற்று டாக்டர் அவளைப் பொய்க்காரி என்று எழுதி வைத்தபிறகு அதுவும் போயிற்று.

கோதுமை ஆகாத வயிறு என்று கண்டுபிடித்து ஒரு வருஷமாகியும் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கவில்லை. 'நோயாளி ரகசியமாக ரொட்டி உண்கிறார்' என்று கோப்பில் ஒரு வரி ஏறியது. ரொட்டிப் பக்கமே போகாமல், மாவு சேராத சூப் அடுப்புக்கு மாறிக்கொண்டவள் அவள்.

அவளைத் தேடிக் கேன்டீனுக்கு வந்த மகளுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. மகள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அம்மா கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள், உடனே ஒரு நக்கு. உப்பு பார்க்கும் வழக்கம் அது, நாளைக்கு நாற்பது முறை. கரண்டி பிடித்து வீங்கிய மணிக்கட்டில் வலிக்களிம்பு மணத்தது; அதைத் தேய்த்ததும் நக்குகிற அதே உள்ளங்கைதான். மகள் களிம்பு டியூபைத் திருப்பிப் பார்த்தாள். நான்காவது பொருள் கோதுமைப் புரதம்.

"இதப் போட்டுட்டு கை கழுவுறியாம்மா?"

"கழுவுனா அப்புறம் மருந்து எதுக்குடி?"

வேறு களிம்பு கேட்டு இருவரும் போனபோது மருந்துக்கடைக்காரர் சிரித்தார். இது தடவுவதற்கு, தோல் வழியாகக் கோதுமை உள்ளே போகாது என்றார்.

"தோல் வழியா போகாது தம்பி," என்றவள் உள்ளங்கையை நக்கிக் காட்டினாள். "இப்டி போகும்."

அவர் ஏழு டியூப் எடுத்துப் போட்டார். ஒன்றில் மூலிகை, ஒன்றில் பழங்கால ரகசியம், எல்லாவற்றிலும் ஓடுகிற குதிரை மாதிரி ஒரு முழங்கால் படம். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்ல ஒன்றுக்கும் துப்பில்லை. ஒரு கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கள் களிம்பில் எல்லாமே இயற்கை என்றது ஒரு குரல்.

"கோதுமையும் இயற்கதாம்மா," என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

எட்டாவது, படமில்லாத தகர டப்பா. ஐந்தே பொருள். மகள் போன் செய்தபோது தயாரிப்பவரே எடுத்து, ஐந்தையும் படித்துக் காட்டினார். கோதுமை தன் பட்டறைக்குள்ளேயே வருவதில்லை என்றார். மணிக்கட்டு அடங்கியது. ஆறு மாதத்தில் எண் இறங்கியது.

டாக்டர் சந்தோஷம் என்றார். புது வரி எழுதினார். பழைய வரி அப்படியே இருந்தது.

"அத அடிங்க."

கோப்பில் எதையும் அழிக்கக் கூடாது என்று அவர் விதி பேசினார். அவர் பேனாவைப் பிடுங்கி அவளே அடித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தாள். கோப்பு மகள் கைக்கு வந்தது. அந்த வரி மேல் இரண்டு கோடு. தாள் கிழியும் அழுத்தம். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. அதன் கீழே டாக்டர் எழுதியிருந்தார்: 'நோயாளி அடித்தது.'

கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. தான் எழுதியது தப்பு என்று ஒரு சொல் இல்லை.